அடியில் ஓடிய எழுத்து

நான் பொய் சொன்னேன். ஒரு முறையல்ல... ஓராண்டு முழுக்க, ஞாயிறு தவறாமல், ஒரே மனிதனிடம்! திரையில் ‘காதலன்’ என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் ‘தம்பி’ என்று படித்துச் சொன்னேன்.

காரைக்குடியில் நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். ஜெராக்ஸ் கடைக்காரன். மனு எழுதித் தருவேன். மனுவோடு ஒரு பழமொழி இலவசம். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. பிறர் விண்ணப்பங்களைத் தட்டித் தட்டியே ஆங்கிலம் கற்றேன். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார்கள். நானும் பிழைத்தேன்... அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பது உங்களுக்குத் தெரியும்.

அருளப்பன் அமராவதிபுதூர்க்காரன். சிங்கப்பூரில் பதினோரு வருடம் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பியவன். நாற்பதை நெருங்கியும் மணமாகாதவன், என்னைப்போலவே. ஞாயிறு பூசை முடிந்ததும் பென்டிரைவோடு வருவான்.

“மாப்ளே, கண்ணு மங்கிப்போச்சுடா. அடியில ஓடுற இங்கிலீசு எழுத்து ஒண்ணுந் தெரியல. நீ படிச்சுத் தமிழ்ல சொல்லு.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணினிமுன் உட்காருவோம். எந்தெந்த நாட்டுப் படங்களோ! பெரிய நடிகர் இல்லை, பாட்டில்லை, அடிதடி இல்லை. இரண்டு ஆண்கள் ஒரு வீட்டில் வாழ்வார்கள். பாத்திரம் கழுவுவது யார் என்று சண்டை போடுவார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவன் கஞ்சி வைப்பான். அவ்வளவுதான் கதை. அவ்வளவுதானா?

நம் தியேட்டரில் அப்படி ஒருவனைக் காட்டினால், இடுப்பை ஒடித்து நடக்கவிட்டுச் சிரிக்க வைப்பார்கள். விசிலடித்தவர்களில் நானும் ஒருவன்! இந்தப் படங்களிலோ யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் கஞ்சி குடித்தார்கள். இப்படியும் இருக்கலாமா? இவ்வளவு சாதாரணமாகவா? அந்தச் சாதாரணத்துக்காகவே ஞாயிறு எப்போது வரும் என்று கிடந்தேன். அருளப்பனுக்காகவும்... ஆம், அவனுக்காகத்தான்.

முதல் படத்திலேயே கேட்டான். “இவுக ரெண்டு பேரும் யாருடா?”

“அண்ணன் தம்பி.”

“அண்ணன் தம்பியா? மூஞ்சி ஒத்து வரலையே!”

“சித்தப்பா மகன்.”

விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உள்ளதைச் சொல்ல என் வாய் திறந்தால், அது படத்தோடு நிற்காது என்று பயந்தேன். அதன்பின் எத்தனை சித்தப்பா மகன்கள்! முத்தமிட்டால் “அந்த ஊரு வழக்கம்” என்றேன்.

கடைசியாகப் பார்த்த படத்தில் ஒரு ரயில் நிலையம். வண்டி ஏறப் போகிறவனின் கையைப் பிடித்து மற்றவன் ஏதோ சொன்னான். அடியில் எழுத்து ஓடியது: ‘போகாதே. எனக்கு உன்னை விட்டால் யாருமில்லை.’

அருளப்பன் திரையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்தான்.

“என்னடா சொல்றான்?”

கண்ணுக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை!

“பத்திரமாப் போயிட்டு வா, வண்டிக்கு நேரமாச்சுங்கிறான்” என்றேன்.

அவனே எட்டிப் படத்தை நிறுத்தினான். பிறகு பென்டிரைவை உருவிக்கொண்டு எழுந்தான். “அக்கா காளையார்கோவில்ல பொண்ணு பாத்திருக்கு. சரின்னு சொல்லிர்றேன்.”

பெண் பார்க்கப் போன அன்று பேருந்து நிலையம்வரை கூடப் போனேன். எந்த வண்டி என்று நான் கண்ணை இடுக்கித் தேடினேன். அவன் நின்ற இடத்திலிருந்தே கை நீட்டினான்.

“அங்குட்டுக் கடைசியில நிக்கிது பாருங்க. கண்ணாடிக்குக் கீழ, பொடி எழுத்துல, காளையார்கோவில் வழின்னு போட்டிருக்கு.”

கிட்டே போய்ப் பார்த்தேன், அப்படியேதான் போட்டிருந்தது. அந்த எழுத்து தெரிகிறவனுக்கு... எந்த எழுத்துதான் தெரியாது? அத்தனை ஞாயிறும் அவன் படித்துக்கொண்டுதான் இருந்தான்! பதினோரு வருடம் சிங்கப்பூரில் இருந்தவன், இங்கிலீசு படிக்கத் தெரியாமலா என்னைக் கேட்டான்? என் வாயால், தமிழில், ஒரே ஒரு முறை கேட்க அல்லவா காத்திருந்தான்!

படியில் கால் வைத்தபடி திரும்பினான். “கல்யாணத்துக்கு வந்துருவீகள்ல... அண்ணே?”

அந்த நாள்வரை நான் அவனுக்கு ‘மாப்ளே’. வாடா, போடா. உறவை மாற்றியது அவனா? நான்தானே!

அப்போதும் சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது... நான் கையை ஆட்டினேன்.

போன மாதம் மனைவியோடு கடைக்கு வந்தான், ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க. கலகலவென்று பேசும் பெண். ஒரு பாவமும் அறியாதவள்.

“இவுக சொல்லியிருக்காக, நீங்க வெளிநாட்டுப் படத்துக்கெல்லாம் நல்லாக் கதை சொல்லுவீகளாமே! எனக்கும் ஒண்ணு சொல்லுங்கண்ணே.”

அருளப்பன் ஜெராக்ஸ் இயந்திரத்தின் வெளிச்சம் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதுக்கென்னம்மா, சொன்னாப் போச்சு” என்றேன் நான்.