யானை என்று எழுதியவர்

குடோனில் அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள். ஃபீல்டு ஆபீசர். அவருடைய ஜீப் டிரைவர். ஷட்டர் ஓரம் நின்ற செக்யூரிட்டி. என் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். கடைசியாக நான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து மற்றவர்கள் எல்லாம் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். ஃபீல்டு ஆபீசர் கையில், மூட்டை அடுக்குகிற மரப் பேலட்டிலிருந்து பிடுங்கிய கட்டை இருந்தது. அதன் முனையில் ஒரு ஆணி வளைந்து நின்றது. ஆணி முதலில் மாமாவின் சட்டையில் மாட்டியது. பிறகு தோளில்.

எங்களுடையது ஆள் கொடுக்கிற கம்பெனி. ஓசூர் சிப்காட் ஃபேக்டரிகளுக்கு லோடு ஏற்ற, பெருக்க, கேட்டில் நிற்க ஆள் அனுப்புவோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் ஒரே லைனில் நிற்கும். நான் டைம் ஆபீஸ். ஆறாவது வரைதான் படித்தேன். காலையில் ஆட்கள் டோக்கன் நம்பர்படி நின்று சீட்டைக் கொடுப்பார்கள். நான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவேன். இடையில் ஒருத்தர் வராவிட்டால் அவர் இடத்தில் ஒரு வெற்றுச் சீட்டைச் செருகுவேன். அப்போதுதான் ரிஜிஸ்டரோடு சரியாக வரும். ஒன்பது வருடமாக அதுதான் என் வேலை. மாமா லோடிங்கில் இருந்தார். ஊர் நாகரசம்பட்டி. வேலையில் அவரைச் சேர்த்துவிட்டது நான்.

கம்பெனியில் அடி உண்டு. மறைக்க ஒன்றுமில்லை. லேட்டாக வந்தால் ஒரு அறை, லீவு கேட்டால் ஒரு உதை, எதிர்த்துப் பேசினால் குடோன். நானும் இரண்டு பேரை அறைந்திருக்கிறேன். ஒருத்தன் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. அந்த வருடம் பீகார்க்காரன் ஒருத்தனை ஃபீல்டு ஆபீசர் லாரிக் கதவில் வைத்து மோதினார். முன்பல் போய்விட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு கேட் வழியாக நடந்து போனதை ஃபேக்டரிக்காரர்கள் பார்த்தார்கள். மாதம் முடிவதற்குள் அந்த ஃபேக்டரி எங்களை நிறுத்திவிட்டது. அடுத்தது இன்னொன்று. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, "கம்பெனி பேரு கெட்டுப்போச்சுப்பா. பேர மாத்திடலாம்" என்றார். அடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பேரை மாற்றுவதற்கு முன் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். கன்னடம் கலந்த தமிழ். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாள். பேர் எழுத வேண்டாம், நம்பர் எழுத வேண்டாம், மனசில் இருப்பதை எழுதுங்கள் என்றாள். அதில் ஒரு கேள்வி, இந்தக் கம்பெனி ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகம் என்பது. லைனில் சிரிப்பு கிளம்பியது.

"மேடம், மிருகம்னா ஆபீசர எழுதலாமா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"அவரு மனுசன்டா. மிருகம் கோவிச்சுக்கும்" என்றார் மாமா.

ஃபீல்டு ஆபீசர் அப்போது வெளியே போனில் இருந்தார். காதில் விழவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு மாமாதான் எழுதிக் கொடுத்தார். பத்தாவது பாஸ் அவர். எல்லாரும் எழுதி முடித்ததும் தாள்களை வாங்கி வைக்க என்னிடம் சொன்னாள். அவள் டீ குடிக்கப் போனாள். நான் வாங்கினேன். ஆட்கள் பழக்கத்தில் டோக்கன் வரிசையில் வந்தார்கள். நான் பழக்கத்தில் அடுக்கினேன். வராதவர்கள் இடத்தில் ஆளுக்கொரு வெற்றுத் தாளைச் செருகினேன். யாரும் சொல்லவில்லை. கை செய்தது.

அந்தக் கட்டு ஒரு ராத்திரி ஆபீஸ் மேஜையில் இருந்தது. மறுநாள் காலை ஃபீல்டு ஆபீசர் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டுவதைப் பார்த்தேன். ரிஜிஸ்டரில் ஒரு விரல், தாளில் ஒரு விரல். அப்போதுதான் நான் செய்தது எனக்கே தெரிந்தது. ஓடிப் போய் மாமாவிடம் சொல்லியிருக்கலாம். டோக்கன் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆட்கள் நின்றார்கள், சீட்டு வாங்கினேன்.

மாமா எழுதியிருந்தது இது. மிருகம்: யானை. ஏன்: தேன்கனிக்கோட்டைப் பக்கம் வயலில் யானை வந்து தின்றுவிட்டுப் போனால் பரவாயில்லை, மிதித்துப் போட்டுவிட்டுப் போகும், கேட்க ஆளில்லை. கம்பெனியில் எதை மாற்ற வேண்டும்: பேரை மாற்ற வேண்டாம், ஃபீல்டு ஆபீசரை மாற்றுங்கள்.

குடோனில் ஃபீல்டு ஆபீசர் அந்தத் தாளைத்தான் முதலில் படித்துக் காட்டினார். "யானைன்னா எப்படி மிதிக்கும்னு தெரியுமாடா உனக்கு?" என்றார். மாமா ஓடவில்லை. "எழுதச் சொன்னாங்க, எழுதனன். பொய்யா எழுதனன்?" என்றார். முதல் அடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். மாமா மூட்டைமேல் சாய்ந்தார். வலது கையைத் தூக்கித் தடுத்தார். கட்டை அந்தக் கையிலேயே திரும்பத் திரும்ப இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் பெரிதாக இருக்காது. காய்ந்த குச்சி போலத்தான். கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியது. கீழே விழுந்த பிறகு விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தார். டிரைவர், போதும் சார், விடுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். செக்யூரிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நின்றேன். மாமா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. அது எனக்கு வேலை போகக் கூடாது என்பதற்காக என்று பிறகு தெரிந்தது.

முடிந்ததும் ஃபீல்டு ஆபீசர் முகம் துடைத்துக்கொண்டு, விபத்து ரிஜிஸ்டரை எடு என்றார். அவர் சொல்ல நான் எழுதினேன். லாரியிலிருந்து தவறி விழுந்தார். என் கையெழுத்துத்தான்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் மாமா மூன்று வாரம் கிடந்தார். கைக்குள் கம்பி வைத்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. தாளை அடுக்கியது நான்தான் என்று கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னேன். அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"வெத்துத் தாளுமா செருகின?"

"ஆமாங்க மாமா."

"செருகுவடா நீ" என்றார். சிரிக்கப் பார்த்தார், விலா விடவில்லை. பிறகு சொன்னார். "நான் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறன் மாப்ள. ரிஜிஸ்டர்ல விழுந்ததுன்னு இருக்குது. பாத்தவன் ஒருத்தன் சொல்லணும். டிரைவர் சொல்ல மாட்டான். செக்யூரிட்டி ஊருக்கே போயிட்டான். நீ சொன்னா உன் வேல போவும். சொல்லலன்னா என் கை பொய்யாயிடும். வற்புறுத்த மாட்டன்." அக்கா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் ஒரு சுளையும் நீட்டவில்லை.

மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கம்பெனிக்குப் புதுப் பேர் வந்தது. இங்கிலீஷ் பேர். எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. விழா வைத்து, தும்பிக்கை தூக்கிய யானைப் படம் போட்ட நீலச் சட்டை எல்லாருக்கும் கொடுத்தார்கள். நிறையப் பேர் யானை என்று எழுதியிருந்தார்களாம். பலம், நம்பிக்கை என்று பெங்களூர் பெண் மைக்கில் சொன்னாள். பாதிப் பேருக்கு எழுதிக் கொடுத்தவர் மாமா என்பது அவளுக்குத் தெரியாது. கீழே இறங்கி என்னிடம், "யானைன்னு எழுதினவரு ஒருத்தர் கிடைப்பாரா அண்ணா? போட்டோ எடுக்கணும்" என்றாள். மேடையில் ஃபீல்டு ஆபீசர் அதே சட்டையில் கை தட்டிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் யானை ஏறி இறங்கியது.

"அவரு ஆஸ்பத்திரியில இருக்கறாரு" என்றேன். "அடிச்சுக் கைய ஒடச்சிட்டாங்க."

அந்தப் பெண் கேமராவைக் கீழே இறக்கினாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. ஒரு அம்மா. முதலில் ரிஜிஸ்டரில் எழுதியது என் கை என்று சொன்னேன். தாளை அடுக்கியதும் நான் என்று சொன்னேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பனியனோட வந்து நிக்கற. நாளைக்கு மாத்திப் பேச மாட்டியே? கோர்ட்டுல குடைவாங்க. எத்தன அடின்னு கேப்பாங்க. சும்மா பத்து இருவதுன்னு சொல்லக் கூடாது. தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எத்தன?"

"பதினேழு."