சகதிச் செக்கின் எதிர் நுகம்

உச்சி வெயிலில் பேயா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். 1938 வைகாசியில் மாரித்தாய்க்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பச் சொல்லி யார் காலிலும் விழப் போவதில்லை.

தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றிலிருந்து கால்வாய் பிரியும் வாயில் மண் மேடிட்டுக் கிடந்தது. அதை வார, காண்டிராக்டர் தாணுமாலயன் ஒரு யந்திரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கரையில் செக்கு மாதிரி ஒரு நடுமரம். அதில் எதிரெதிராக இரண்டு நுகம். மாடுகள் சுற்றி வந்தால் மரத்தில் வடம் சுற்றும். ஆற்றுக்குள் கிடக்கும் பெரிய இரும்பு அகப்பை சகதியை வாரிக்கொண்டு கரையேறும். ஊரில் அதற்குச் சகதிச் செக்கு என்று பேர். ஒரு நுகத்தில் மாரித்தாயின் ஜோடி, மற்றதில் பிச்சையாவின் ஜோடி. நாலு மாடும் சேர்ந்து இழுத்தால்தான் அகப்பை அசையும்.

சம்பவம் நடந்த நாள் காலை பிச்சையாவின் மாடுகள் வெறும் இடத்தைப் பார்த்து மிரண்டு, நுரை தள்ளிப் படுத்துவிட்டன. அவன் அவற்றை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அகப்பை கடைசி மேட்டைக் கவ்வியபடி ஆற்றுக்குள்ளேயே நின்றது. அது ஒரு தடவை வெளியே வந்தால் கால்வாய் திறந்துவிடும்.

"பொழுது சாய யந்திரத்தைப் பிரிச்சிருவேன். மாடு இல்லாம நான் என்ன செய்ய?" என்றார் தாணுமாலயன்.

மாரித்தாய் புருஷனை இழந்தவள். அவள் வயல் கடைமடை. இரண்டு வருஷமாகத் தண்ணீர் எட்டவில்லை. இந்தக் கார் நெல்லும் கருகினால், வயலைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு அவன் வாசலில் கஞ்சிக்கு நிற்க வேண்டியதுதான்.

உருமத்தில், அதாவது உச்சிப் பொழுதில், செக்கை யாரும் தொடக்கூடாது என்பது தாணுமாலயன் போட்ட கட்டளை. எல்லாரும் சோற்றுக்குப் போனார்கள். மாரித்தாய் தன் மாடுகளைப் பூட்டினாள்.

மாடுகள் முக்கின. மரம் அசையவில்லை.

தூரத்தில் கோயில் உச்சிக்கால மணி அடித்தது.

கிரீச்...

மரம் சுற்றியது. வடம் விறைத்தது. மாரித்தாய் திரும்பிப் பார்த்தாள். தரையில் கிடந்த எதிர் நுகத்தின் ஒரு முனை எழும்பியிருந்தது. மறுமுனை மண்ணில் இழுபட்டது.

சரக்... சரக்...

பிறகு ஓர் இருமல்.

மாடு அப்படி இருமாது.

ஓடலாம்.

ஓடினால் வயல்?

"ஏலே! எவனா இருந்தாலும் சரி, வந்தது வந்துட்டே. இழு! பாதியில நின்னே, தார்க்கம்புக் குத்து உனக்குந்தான்!"

சரக்... சரக்... சரக்...

அகப்பை கரையேறியது. கால்வாய்க்குள் தண்ணீர் பாய்ந்தது. மாரித்தாய் தன் மாடுகளை அவிழ்த்தாள்.

சத்தம் கேட்டு தாணுமாலயனும் ஆட்களும் ஓடிவந்தார்கள். மாடு சுற்றிய தடத்தில், குளம்புச் சுவடுகளின் மேல், ஓர் ஆணின் வெறுங்கால் சுவடு. விரல்கள் ஆழப் பதிந்திருந்தன. எதிர் நுகம் இன்னும் இறங்கவில்லை.

"யாரு மொதலாளி இது?" என்றாள் மாரித்தாய்.

தாணுமாலயனுக்கு நாக்கு குழறியது. "சிவகிரிக் குளத்துல, இதே செக்குலதான்... கோமாரி வந்த வருசம். மாடு கெடைக்கல. ஒருத்தனைப் பூட்டினேன். உருமத்துல அவுத்துவிடச் சொன்னான்..."

"அவுத்தியளா?"

"இல்ல. நுகத்துலயே செத்துட்டான்."

ஆட்கள் பின்வாங்கினார்கள். மாரித்தாய் முன்னே போனாள். நுகத்தில் இறுகியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். கயிறு வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது.

"தண்ணி வந்துட்டு அண்ணாச்சி. நீங்க போங்க. இந்தக் காண்டிராக்டரு இனி உங்களக் கட்டட்டும், பாக்கேன்."

நுகம் தொப்பென்று விழுந்தது.

அந்தக் கார் அவள் வயல் விளைந்தது. அறுப்பு நாளில் பிச்சையா வரப்போரம் வந்து தயங்கி நின்றான்.

"மாரித்தாயி, அன்னைக்கு நீ கயித்த அவுத்தேன்னு எல்லாரும் சொல்லுதாவ. எந்தக் கயிறு? மாட்டை ஓட்டிட்டுப் போம்போதே நுகத்துக் கயித்த நான் உருவிட்டுப் போயிட்டேனே."

மாரித்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கயிறா இருந்தா என்ன? கட்டிக் கெடந்துது. அவுத்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த பிடிக் கதிரை அறுத்தாள்.