இடது கைக்கு ஆகாத கத்தி

எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்க ஒரு சாதாரணக் கத்தி இருக்கிறது. நாள் முழுக்க உழைப்பது அதுதான். என்னுடைய பதினொரு மடக்குக் கத்திகளும் பீரோவுக்குள், துணி விரித்த பெட்டியில், மகாராஜாக்களைப் போலப் படுத்துக் கிடக்கும். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை. ஒன்றின் விலையைக்கூட மனைவியிடம் நான் உண்மையாகச் சொன்னதில்லை.

எனக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து, ஏதாவது ஒரு கத்தியைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டுவிடுவேன். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் டைட்டானியம் கைப்பிடியை முக்கி, மூன்று ஒன்பது வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து மின்சாரம் கொடுத்தால் நீல நிறம் ஏறும். இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்தால் வெளிர் பொன்னிறம். இதில் எனக்கு மதியச் சாப்பாடே மறந்து போகும்.

"இத்தனை கத்தி இருக்கு, ஒரு கொத்தமல்லிக் கட்டு நறுக்கக்கூட ஒண்ணும் உதவாது" என்பாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நுட்பம் தெரியாதவர்களோடு காலம் தள்ளுகிறோம் என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

அந்தத் திமிருக்குத் தீனி போட்ட ஒரே ஆள் அவளுடைய தம்பி. விடுமுறை நாளில் வந்தால் என் எதிரிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கத்தியையும் திறந்து மூடி, "என்னா மாமா, இப்படி இழையுது!" என்று வியப்பான். அவன் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவன். கைக்குழந்தை என்றால் டாக்டர்களே அவனைத்தான் கூப்பிடச் சொல்வார்கள். குழந்தையின் புறங்கையை இடது ஆள்காட்டி விரலின் நுனியால் இரண்டு மூன்று தடவை வருடுவான். கண்ணுக்குத் தெரியாத நரம்பு அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு அதே கையில் ஊசியை எடுத்து ஒரே குத்து, முடிந்தது. இடது கைப் பழக்கத்துக்காகச் சின்ன வயதில் நிறைய அடி வாங்கியவன். "அடி வாங்குன கைதான் மாமா இப்ப சோறு போடுது" என்று சிரிப்பான்.

என்னிடம் இருந்ததிலேயே ஒசத்தியான கத்தியில் ஒரு சின்னக் குறை இருந்தது. இந்த வகைக் கத்தியில், அலகைத் திறந்ததும் கைப்பிடித் தகட்டின் ஒரு பகுதி உள்ளே நகர்ந்து அலகின் அடியில் முட்டி நிற்கும். அதுதான் பூட்டு. அது நழுவினால் அலகு விரல்மேல் மடங்கும். என் கத்தியில் அந்தத் தகடு லேசாக ஒட்டிக்கொண்டது. மூடும்போது கட்டை விரலால் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. கத்தி சேர்ப்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: பென்சில் கரியைத் தடவிப் பார், பொறுத்துப் பார், தகட்டின் முனையில் மட்டும் அரம் வைக்காதே. இருபது வருஷம் இரும்போடு மாரடித்தவனுக்கு இவர்கள் யார் புத்தி சொல்ல? அரம் வைத்தேன். நாலே இழுப்பு. கத்தி வெண்ணெயாக மூடியது.

பிறகு அலகின் முதுகை ஒரு தடித்த புத்தகத்தின்மேல் தட்டிப் பார்த்தேன். ஒன்பது தடவை நின்றது. பத்தாவது தடவை மடங்கியது. பார்க்க வைத்திருக்கும் பொருள்தானே என்று துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பிறக்கப் போகும் குழந்தையின் துணிமணிகளுக்காகப் புது வாஷிங் மெஷின் வாங்கினோம். அட்டைப்பெட்டியைப் பிரிக்க மச்சினன் வந்திருந்தான். "மாமா, கத்திரிக்கோல் எங்க இருக்கு?" என்றான். நான் பீரோவைத் திறந்து அந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். பத்தாவது தடவை மடங்கியதை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. அது எப்படித் திறந்து மூடுகிறது என்று பார்த்து அவன் வாயைப் பிளக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவன் அட்டையில் குத்தி இழுத்தான். அடியிலிருந்த மரச்சட்டத்தில் அலகு சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க மேல்பக்கமாக நெம்பினான். அவ்வளவுதான், அலகு மடங்கி அவன் இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. கத்தவில்லை, "மாமா" என்று மட்டும் சொன்னான். புது மெஷினின் வெள்ளைத் தகட்டில் ரத்தம் வழிந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுவிட்டு வெளியே வந்ததும் கேட்டான், "பூட்டு எப்படி மாமா விட்டுச்சு?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "அது வலது கைக்குச் செஞ்ச கத்தி மாப்ள. இடது கைல புடிச்சு நெம்பினா உள்ளங்கை பூட்டைத் தள்ளிவிட்ரும். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன். அது வலது கைக்குச் செய்த கத்தி என்பது நிஜம். மற்றது பச்சைப் பொய். மனைவியிடமும் அதையே சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாத்துக்கும் இந்தக் கைதான் மாமா" என்றான்.

மறுநாள் பட்டறைக்கு அரை மணி முன்னதாகவே போய், கத்தியை வைஸ் இடுக்கியில் இறுக்கித் தகட்டை உள்பக்கம் வளைத்தேன்; முனையைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்தேன். அவன் வீட்டுக்கு வந்தபோது அவன் கண்ணெதிரே முப்பது தடவை தட்டிக் காட்டினேன். ஒரு தடவைகூட நழுவவில்லை. நான் அவனிடம் காட்டிய வேலைகளிலேயே அதுதான் மிக நேர்த்தியானது.

தையல் ஆறியது. விரல் மடங்கியது, நீண்டது. நுனியில் மட்டும் உணர்ச்சி வரவேயில்லை. உள்ளே உணர்ச்சி நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். மூன்று நாலு குழந்தைகளுக்குத் தப்பாகக் குத்தியபின், அவனே போய்ச் சொல்லிவிட்டு ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டருக்கு மாறிக்கொண்டான்.

என் மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது விடாத காய்ச்சல். மச்சினன் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். நாலு நாளில் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். முதல் நாளை மட்டும்தான் என்னால் தாண்ட முடியவில்லை. ரத்தம் எடுக்க நர்ஸ் நாலு இடத்தில் குத்திவிட்டாள், நரம்பு கிடைக்கவில்லை. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. கவுண்டரிலிருந்து மச்சினன் ஓடி வந்தான்.

"நீ பாருடா" என்றாள் மனைவி.

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, குழந்தையின் புறங்கையை இடது விரலால் வருடினான். மறுபடி வருடினான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. பிறகு கையை எடுத்துவிட்டான்.

"ஒண்ணும் தெரியலக்கா."

மனைவி உடைந்து போனாள். "சொன்னா கேட்டியாடா நீ? வெளயாட்டுத்தனமா கத்திய எடுத்து, கையக் கெடுத்துக்கிட்டு... எம்புள்ள இத்தனை குத்து வாங்கணுமா?"

"என் தப்புதான்க்கா" என்றான்.

வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்காது. நான் வாயைத் திறந்தேன். "அவன ஏன் திட்டுற, பாவம். அவன் என்ன வேணும்னா செஞ்சான்?" என்றேன்.

நர்ஸ் ஐந்தாவது தடவை ஊசியை எடுத்தாள். மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "நீங்க ஒருத்தராவது புரிஞ்சுக்கிட்டீங்களே மாமா" என்றான்.