பரணில் இருந்த மிளகு

வெள்ளத்துக்குப் பயந்து, மிளகையும் சீரகத்தையும் நன்றாகக் காயவைத்து, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, மூடியை மெழுகால் ஒட்டிப் பரணில் ஏற்றி வைப்பாள் தையல்கார அக்கா. வெளிக்கடை மிளகைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவாள். மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பியிடம் வாங்கினால் மட்டும் அந்தச் சோதனை கிடையாது.

இம்முறை வெள்ளம் சாலையை அறுத்தது. தம்பியும் அவள் மாடிக்கே வந்து சேர்ந்தான். ஐந்தாம் நாள் அவன் கடை மிளகு இருந்த ஒரு ஜாடியைத் திறந்து கஞ்சியில் மிளகைத் தட்டிப் போட்டாள். பாதிக் காரம்கூட இல்லை. ஒரு பிடியை அள்ளித் தண்ணீரில் போட்டாள். பாதிக்குமேல் மிதந்தது. மிதந்தது அத்தனையும் பப்பாளி விதை.

"என்னடா இது?"

"பரண்லதானேக்கா வைக்கப்போற. நீ எங்க திறக்கப்போறன்னு நெனச்சேன்."

"இத்தனை மழைக்கும் இதை நம்பித்தான்டா பயமில்லாம தூங்கினேன்."

அவன் கஞ்சித் தட்டைக் கீழே வைத்தான். சாப்பிடு என்று அவள் சொல்லவில்லை.