காசு குடுத்தாச்சு

சிசிலியில் எங்கள் ஊரில் ஒருவர் காப்பிக்கு இன்னொருவர் முந்திக்கொண்டு காசு கொடுப்பது மரியாதை. லிபோரியோவின் கடையில் காப்பி கேட்டால், "காசு குடுத்தாச்சு" என்பான். யார் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டுக் குடிக்கவேண்டும். மறுத்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி. ரொசொலினாவை மிரட்ட அந்தப் பாவிகள் இந்த மரியாதையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ரொசொலினா மாதா கோயிலுக்குப் பின்னால் நூல், பொத்தான் கடை வைத்திருந்தாள். நாற்பது வயது. புருஷன் கல்குவாரியில் செத்துப்போனான், பிள்ளை இல்லை. வாய் மட்டும் ஊருக்கே போதும். காலையில் நான் முதல் பஸ்ஸை எடுக்குமுன் காப்பிக்கு நிற்பேன், அவளும் வருவாள். "துரி அண்ணே, உங்க பஸ்ஸு இன்னிக்காவது மேடேறுமா, இல்ல நாங்க எறங்கித் தள்ளணுமா?" என்று சீண்டாமல் அவளுக்குக் காப்பி இறங்காது.

அந்த வருஷம் ஜூரிக்குக் குலுக்கிப் போட்டதில் அவள் பெயர் வந்தது. வழக்கு இதுதான்: பியாஜோ லாரியில் தண்ணீர் விற்றான். எங்கள் பக்கம் கிணறெல்லாம் டான் சரீனோவுடையவை, விலையும் அவர் சொல்வதுதான். பியாஜோ குறைத்து விற்றான். ஆகஸ்டு மாதம் பட்டப்பகலில், சந்தை நடுவில் சுட்டுப் போட்டார்கள். சுட்டவன் டானின் அக்கா மகன் கஸ்பாரே. ஊருக்கே தெரியும், ஆனால் அன்றைக்குப் பார்த்து சிசிலி முழுக்கத் தூங்கிவிட்டதாம். வெளியூர் லாரிக்காரன் ஒருத்தன் மட்டும் கண்ணால் கண்டதைச் சொன்னான்.

பெயர் வந்த மறுநாள் காலை லிபோரியோ அவள் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை வைத்தான்.

"காசு குடுத்தாச்சு."

"யாரு குடுத்தது?"

"உனக்கு வேண்டியவங்க."

அவள் சுற்றிலும் பார்த்தாள். கடையில் என்னைத் தவிர யாருமில்லை. அன்றைக்கு என் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

ரொட்டிக் கடையில் காசு குடுத்தாச்சு. மீன்காரன் தராசில்கூடப் போடாமல் மத்தி மீனைச் சுற்றிக் கொடுத்தான், குடுத்தாச்சு. கோயிலில் அவள் ஏற்றப்போன மெழுகுவர்த்திக்கும் யாரோ முந்தியிருந்தார்கள். ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. போலீஸிடம் போய் என்ன சொல்வாள், எனக்கு மீன் கொடுக்கிறார்கள் என்றா?

ஊருக்கு மட்டும் புரிந்துவிட்டது. நூல் வாங்க ஆள் வருவது நின்றுபோனது. கோர்ட் நாட்களில் என் பஸ்ஸில்தான் நகரத்துக்கு வருவாள். நெரிசலிலும் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். "உக்காருங்களேன், நான் கடிக்க மாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் தங்கச்சி ஒரு நாள் பஸ் நிறுத்தத்திலேயே அழுதாள். "உடம்பு சரியில்லன்னு டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடுத்துட்டு வெலகிக்கயேன், அக்கா!"

"நான் வெலகினா இன்னொருத்தி பேர எடுப்பாங்கடி. அவளுக்குப் புள்ளைங்க இருக்கும்."

நவம்பரில், இறந்தவர்கள் நாள். புருஷன் கல்லறைக்குச் செவ்வந்திப் பூவோடு போனாள். அங்கே அவள் வாங்கமுடியாத உயர்ந்த பூக்கள் ஏற்கெனவே அடுக்கியிருந்தன. எங்கள் பக்கம் சவப்பெட்டியைச் சுவர் மாடத்துக்குள் வைத்துக் கல்லால் மூடுவோம்; அவன் பக்கத்து மாடம் அவளுக்கென்று விட்டுவைத்தது. அதன் மூடுகல்லை எடுத்து, உள்ளே பெருக்கி, வெள்ளை அடித்திருந்தது. கல்லறைக் காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்: "எல்லாத்துக்கும் காசு குடுத்தாச்சும்மா."

தீர்ப்பு சொல்லும் நாளில் எட்டுப் பேரும் ஓர் அறைக்குள் போனார்கள்: நீதிபதிகள் இரண்டு, ஜூரி ஆறு. ஜூரியில் வயதில் இளையவர்தான் முதலில் வாய் திறக்கவேண்டும். ஆறு பேரில் இளையவள் ரொசொலினா. உள்ளே யார் என்ன சொன்னார் என்பதைச் சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது, அது சட்டம். கதவு திறந்தது. போதிய சாட்சியம் இல்லை, கஸ்பாரே விடுதலை.

ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. "புத்திசாலிப் பொம்பள!" என்று தெருவெல்லாம் பேச்சு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார இப்போது போட்டி. அவள்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பியாஜோவின் தாய் நுன்சியாத்தா, ரொசொலினா கடையிலேயே துக்க உடைக்குக் கறுப்பு நூல் வாங்கிய கிழவி, எதிரே கண்டால் துப்பிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல ரொசொலினாவுக்கு வழி இல்லை.

லிபோரியோ பழையபடி கோப்பையை வைத்தான். "காசு குடுத்தாச்சு." இந்தத் தடவை நன்றிக்காக. ரொசொலினா அதைப் பார்த்தாள், தொடாமல் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், கேட்டாள், அப்படியே வைத்துவிட்டுப் போனாள். நாலு வருஷம், தினமும்.

பொறுக்காமல் கேட்டேன். "வீட்ல போட்டுக் குடிச்சுட்டுப் போயேன். எதுக்கு இந்தக் கூத்து?"

"வீட்லயும் குடிக்கிறேன், துரி அண்ணே. இங்க வராம இருக்கணும்னா யாருக்குப் பயந்து?"

அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. விலைபோனவளாக இருந்தால் குடித்திருப்பாள். அந்த அறையில் முதலில் வாய் திறந்தவள் 'குற்றவாளி' என்றுதான் சொல்லியிருக்கிறாள், அந்த வெள்ளை மாடத்தைப் பார்த்த பிறகும். மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆறிப்போன காப்பியை ஊரே தினம் பார்த்துக்கொண்டுதானே இருந்தது.

ஒரு குளிர்காலக் காலையில் நுன்சியாத்தா காப்பிக் கடைக்குள் வந்தாள். கறுப்புச் சால்வைக் கிழவிகள் அங்கே நுழைவதில்லை. ஒரு நாணயத்தைப் பலகைமேல் வைத்தாள்.

"ரொசொலினா காப்பிக்கு."

லிபோரியோ வெளுத்துப்போனான். "அது... ஏற்கெனவே குடுத்தாச்சும்மா."

"குடுத்தவன் வந்து எங்கிட்ட கேக்கட்டும். அவனோடத அவனுக்கே திருப்பிக் குடு. இத எடுடா."

எடுத்தான். ரொசொலினா வழக்கம்போல உள்ளே வந்து காப்பி கேட்டாள். கிழவியைப் பார்த்து அப்படியே நின்றாள். லிபோரியோ கோப்பையை வைத்தான்.

"காசு குடுத்தாச்சு. இவங்க குடுத்தாங்க."

ரொசொலினா கோப்பையை எடுத்தாள். சுடச்சுட, ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணில் நீர் வழிய, அடியில் நின்ற சர்க்கரையைக்கூட விடாமல் கரண்டியால் வழித்தாள்.

நுன்சியாத்தா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கறுப்பு நூல் வச்சிருக்கியா?"

"இருக்கும்மா. உங்களுக்குன்னு எடுத்தே வச்சிருக்கேன்."