எதிர்த்து உயர்ந்த ஒரு கை

அன்று கனடாவில், ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தவர்கள்: எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர், செயலாளர், முன்வரிசையில் கொப்பியும் பேனையுமாக ஒருவர், உறுப்பினர் இருபத்தெட்டுப் பேர், கடைசி வரிசையில் எங்கள் அண்ணரும் தங்கையாகிய நானும்.

ஊரில் வீட்டுக்கொரு பிள்ளை கட்டாயம் இயக்கத்தின் படைக்குப் போகவேண்டும் என்ற பேச்சு நடந்த காலம். அதைச் சங்கம் ஆதரிப்பதாகத் தீர்மானம் எடுக்கவே கூட்டம். ஊரில் எங்கள் அக்காவுக்கு ஒரே மகன், பதினேழு வயது.

“கையை உயர்த்துங்கோ” என்றார் தலைவர்.

அண்ணர் எழும்பினார். “துண்டு குடுத்து ரகசியமா எடுங்கோ, தலைவர்.”

“ஒரே ஊர்ச்சனம். எங்களுக்குள்ள என்ன ஒளிப்பு?”

“ஒளிப்பில்லையெண்டா உந்தக் கொப்பியில என்ன எழுதப்படுது? மொய்யோ?”

சிலர் சிரித்தார்கள். பிறகு கைகள் எழும்பின. என்னுடையதும் எழும்பியது, கொப்பியைப் பார்த்துக்கொண்டே தூக்கினேன். எதிர்ப்பு என்றபோது அண்ணரின் கை மட்டும்.

“உங்கட பிள்ளையள் இஞ்சை படிக்குதுகள். ஆரின்ரை பிள்ளைக்குக் கை தூக்குறியள்?” என்று கேட்டார்.

பருத்தித்துறையில் மூத்தவராகப் பிறந்த அண்ணர், ஐயா கண்மூடியபின் எங்களைக் கரைசேர்த்தவர். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டபோது, வாசிப்பை விடாதே என்று பேப்பர் வாங்கித் தந்தவர். மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதிசெய்யும் வேலைக்கு ஒருநாளும் பிந்திப் போனதில்லை.

கூட்டத்துக்குப் பிறகு போன் அடிக்கும். எடுத்தால் பேச்சு இராது. வந்துபோன சனம் வரவில்லை. பிளாசாவில் மீன் வெட்டுபவர் விலை சொன்ன குரலிலும் ஏதோ இருப்பதாகப் பட்டது. நீங்கள் தூக்கின கையால் அக்காவின் பிள்ளையைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று அண்ணரை ஏசினேன்.

ஒருநாள் போனில் ஒருவர் பேசினார். அண்ணர் “ஓம், ஓம்” என்று கேட்டு வைத்தார். ஆதரவாகக் கை தூக்கியவர்களில் ஒருவராம். ஊரைவிட்டு வெளிக்கிட இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்லவேண்டும். அக்கா கேட்ட இடமெல்லாம் மறுத்துவிட்டார்கள். போனில் பேசியவரின் தமையன் ஊரில் பிணைக் கையெழுத்து வைத்தார். என் பெறாமகன், அக்காவின் பிள்ளை, கொழும்பு வந்து சேர்ந்தான். அந்தத் தமையனும் பிறகு வெளிநாடு போய்விட்டதாக அண்ணர் சொன்னதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

“ஆர் அண்ணை அவர்?”

“தெரிஞ்சா நீ அவரைக் காணேக்கை சிரிப்பாய். அவரை மாட்டிவிட அதுவே போதும்.”

இருதய வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும் கேட்டேன். சொல்லாமலே போய்விட்டார்.

மரண வீட்டுக்கு வந்தவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கூட நின்றவர்களுக்கும் அண்ணியும் நானும் நன்றி சொல்கிறோம். வந்த ஒவ்வொருவரின் முகத்தையும் இவரோ, இவரோ என்று பார்த்தேன். பிடிபடவில்லை. அதனால் ஒருவரையும் விடாமல் கும்பிட்டேன்.