என் வீட்டுக்காரர் போட்ட ஐந்து ஸ்டார்

என் வீட்டுக்காரர் என் சமையலைப் பற்றி வாயைத் திறந்து ஒரு நாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. மதியம் மணி அடித்ததும் மண்ணூர்பேட்டையில் நான் நடத்தும் மெஸ்ஸுக்கு வந்து, மற்றவர்களோடு மற்றவராக உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் கேட்பதெல்லாம், "இன்னாமே, மோர் கீதா?" அவ்வளவுதான். குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு தரம் சோறு வாங்குவார். நன்றாக இல்லாவிட்டாலும் வாங்குவார். அதை வைத்து ஒரு மண்ணும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனால் ஊருக்குச் சொல்லியிருக்கிறார். நெஞ்சுவலி வந்து அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது எனக்குத் தெரியும். எங்களிடம் தினமும் சாப்பிட வரும் ஒரு பெண், எதிரில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை செய்பவள், போனில் மேப்பைத் திறந்து எங்கள் மெஸ்ஸின் பெயருக்குக் கீழே இருந்ததைப் படித்துக் காட்டினாள்.

"நான் இவங்க புருசன். அதுக்காக அஞ்சு ஸ்டார் போடல. தெனம் இங்க சாப்ட்றவன், அதுக்காகப் போட்றேன். வத்தக்கொழம்பு வெக்கிற அன்னிக்கு கொஞ்சம் சீக்கிரம் வாங்க, தீந்துடும். மூஞ்சிய உர்ர்னு வெச்சினு இருப்பாங்க. கண்டுக்காதீங்க. மனசு தங்கம்."

இவங்க என்று எழுதியிருக்கிறார். கட்டிய நாளிலிருந்து 'மே' போட்டு மட்டுமே கூப்பிட்ட மனுசன். நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். ஆவியில் முகம் நனைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அங்கேயே நின்று அழுது தீர்த்தேன். அதற்குப் பிறகு மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவில் உட்கார்ந்து அதை ஒரு தடவை படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பேசாத மனுசன் பேசியதில் எனக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் பைக்கில் ஒருவன் வந்தான். டீ கேட்பான் என்று பார்த்தால் போனை நீட்டுகிறான். "யக்கா, நம்ம கைல ஆளுங்க கீறாங்க. நீ சரின்னு சொல்லு, ஒரே வாரத்துல உன் மெஸ்ஸுக்கு அஞ்சு ஸ்டாரா வந்து குமியும்."

"சாப்பிடாதவன் எப்படிடா ருசி சொல்வான்?" என்றேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்கா."

கையில் கரண்டி இருந்தது. அதைத் தூக்கிக் காட்டித்தான் அவனை அனுப்பினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அவன்தான் செய்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒற்றை ஸ்டார்கள் வந்து விழுந்தன. சிக்கன் குழம்பு நாறியதாம். பிரியாணியில் புழு நெளிந்ததாம். என் அடுப்பில் முட்டைகூட உடைத்தது கிடையாது. "இன்னாக்கா, அவனுங்களுக்கு மட்டும் பிரியாணி போட்டுட்டு எங்களுக்கு வெறும் பொரியலா?" என்று பழைய ஆட்கள் கலாய்த்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. பழைய ஆட்களுக்கு என்னைத் தெரியும், புதிதாக வருகிறவர்களுக்கு மேப்தானே தெரியும். லாரி டிரைவர்கள் வருவது நின்றது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பார்சல் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, ரொம்ப மரியாதையாகப் போன் பண்ணி இனி வேண்டாம் என்றது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ் மாறி வந்து எனக்குக் காய் நறுக்கித் தரும் பெண், "நான் வேற எடம் பாத்துக்கவாக்கா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

ஆபீஸ் பெண்ணிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் புது அக்கவுன்ட்டுக்கா. வேற எந்தக் கடைக்கும் இவங்க ஒரு வார்த்த எழுதினதில்ல. எல்லாத்தையும் ஒரே சாயங்காலத்துல போட்டுகீறாங்க. பாருங்க, நாலு பேரு ஒரே வரி. எங்க ஆபீஸ்ல வேற கம்பெனிக்கு நாங்க இந்த மாதிரி பொய்யப் புடிக்கிற வேலதான் செய்றோம். கம்ப்ளைன்ட் போட்டா கண்டிப்பா புடிச்சிடுவாங்க."

போடு என்றேன். அவள் போடவில்லை. விரலால் தட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆனா உங்க பக்கத்த முழுசா அலசுவாங்கக்கா. சொந்தக்காரங்க எழுதினத விட்டுவெக்க மாட்டாங்க. அண்ணன் மொத வரியிலயே புருசன்னு சொல்லிட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொன்னவனப் புடிக்கச் சொன்னா, உண்மையச் சொன்னவனயா தூக்குவீங்க?"

"ரூல் அப்படிக்கா. மச்சான் மாமன்லாம் ஆளுக்கு அஞ்சு போட ஆரம்பிச்சா, அப்புறம் யாரு எத நம்புவா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டக்கூட ஆளில்லை. உள்ளே காய் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், "போட்டுடு" என்றேன். அவர் எழுதியதை முதலில் போட்டோவாக எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் அவள் கம்ப்ளைன்ட் போட்டாள்.

சொன்ன மாதிரியே சிக்கன் குழம்புக்காரர்கள் காணாமல் போனார்கள். டிரைவர்கள் திரும்பி வந்தார்கள். பார்சல் கம்பெனியும் வந்தது. அவர் எழுதியது இருந்த இடத்தில் வேறு யாரோ, 'பார்க்கிங் வசதி இல்லை' என்று எழுதியது மேலே ஏறி நின்றது.

போட்டோதான் இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கிறது. ஆனால் போட்டோ என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. என் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு ஊரைப் பார்த்துச் சொன்னவர் அவர். ஊருக்குக் கேட்காவிட்டால் அது அவர் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் பண்ணி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு மதியம் அதில் செய்தி வந்தது. உங்கள் விமர்சனம் நீக்கப்பட்டுள்ளது, தவறென்று நினைத்தால் முறையிடலாம் என்று. ஆபீஸ் பெண் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அவளிடம் காட்டினேன். இருவருமாக அழுத்திக்கொண்டே போனோம். முதல் கேள்வியே அதுதான். இந்த இடத்தின் உரிமையாளருடன் உங்களுக்கு உறவு உள்ளதா? ஆம், இல்லை.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இல்லனு போட்டுடுங்கக்கா. மொத வரிய எடுத்துட்டு மறுபடி ஏத்திடலாம். நான் எதையும் பாக்கல." நாள் முழுக்கப் பொய்யைப் பிடிக்கிற வேலை அவளுக்கு. எனக்காகத்தான் சொன்னாள்.

என் விரல் 'இல்லை'யின் பக்கம் போனது. போகவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போனதிலிருந்து பாங்க், ரேஷன், தாலுகா ஆபீஸ் என்று போன இடமெல்லாம் விதவை என்ற கட்டத்தில்தான் டிக் அடித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குள் உறவு இருக்கிறதா என்று, இன்னும் இருப்பதுபோல, யாரும் கேட்கவில்லை. இந்தப் போன்தான் கேட்கிறது, அதுவும் அவரிடமே.

ஆம் என்று அழுத்தினேன். அத்தோடு அவர் எழுதியது போயே போய்விட்டது.